சென்னைப் புறநகரில் வாடகை வீடு: முதலில் பள்ளிக்கூடம், அப்புறம்தான் வீடு

குரோம்பேட்டையில் ஒரு ஜவுளிக் கடையில் கணக்கு எழுதுகிறேன். வீடு கூடுவாஞ்சேரியில், பிள்ளைகள் இருவரும் அரசுப் பள்ளியில். கடையில் யார் வீடு மாற்றுவதென்றாலும் "அக்கா, எந்தப் பக்கம் பார்க்கலாம்?" என்று என்னிடம் வந்துவிடுவார்கள். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். எட்டாயிரம், ஒன்பதாயிரத்துக்கு மேல் வாடகை கட்டுப்படியாகாது, பிரைவேட் ஸ்கூல் ஃபீஸும் வேண்டாம் என்று இருப்பவர்களுக்கு இது உதவும்.

பெரும்பாலும் என்ன நடக்கிறது? வீடு பிடித்து, அட்வான்ஸ் கொடுத்து, பால் காய்ச்சிய பிறகு மே மாதக் கடைசியில் பக்கத்தில் ஸ்கூல் எது என்று தேடுகிறார்கள். பள்ளியைத்தான் முதலில் தேட வேண்டும். அதிலும் பிள்ளை இரண்டாவது படித்தாலும், ஆறு முதல் பன்னிரண்டு வரை உள்ள அரசு மேல்நிலைப் பள்ளியைத் தேடுங்கள். தொடக்கப் பள்ளி அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கும். மேல்நிலைப் பள்ளி அப்படி இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. 2020இல் மருத்துவப் படிப்புக்கு வந்தது, 2021இல் இன்ஜினீயரிங், சட்டம், வேளாண்மைக்கும் வந்துவிட்டது. அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தால் இது கிடையாது. கட்டடம், யூனிஃபார்ம் எல்லாம் பார்க்க ஒரே மாதிரி இருக்கும், அதனால் பெயர்ப் பலகையை நின்று படியுங்கள். கல்லூரிக்குப் போனால் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களுக்கும் ஆறிலிருந்து எங்கே படித்தார்கள் என்றுதான் பார்ப்பார்கள்.

எந்தப் பக்கம் என்பதை ரயிலை வைத்து முடிவு செய்யுங்கள். தெற்கே தாம்பரத்தோடு பல ரயில்கள் நின்றுவிடும், மேற்கே ஆவடியோடு. அதைத் தாண்டினால் வாடகை இறங்கும், ரயிலுக்குக் காத்திருக்கும் நேரம் ஏறும். பெருங்களத்தூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, அந்தப் பக்கம் பட்டாபிராம், திருநின்றவூர் எல்லாம் இந்தக் கணக்குக்குள் வரும். சீசன் டிக்கெட் சில நூறு ரூபாயோடு முடிந்துவிடும். ஸ்டேஷனிலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே 1,500 ரூபாய் குறைவாக வீடு கிடைக்கிறதே என்று ஆசைப்படாதீர்கள். ஷேர் ஆட்டோவுக்குப் போக இருபது, வர இருபது என்றால் 25 நாளில் ஒரு ஆளுக்கே ஆயிரம் ரூபாய். வீட்டில் இரண்டு பேர் வேலைக்குப் போனால் கையை விட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

சரி, பள்ளியை எப்படிப் பார்ப்பது? வேலை நாளில், காலை பிரேயர் முடிந்து ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். தலைமை ஆசிரியரிடம், "டீச்சர், பொண்ணை ஆறாவது சேர்க்கணும், ஸ்கூலைக் கொஞ்சம் பார்த்துட்டுப் போகலாமா?" என்று கேளுங்கள். எங்களை ஒரு பள்ளியில் வாசலோடு அனுப்பினார்கள். இன்னொன்றில் அந்த அம்மாவே சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு லேப், நூலகம் எல்லாம் திறந்து காட்டினார்.

நடக்கும்போது ஒவ்வொரு வகுப்பிலும் கரும்பலகையின் மூலையைப் பாருங்கள். தேதி போட்டு, அதன் கீழே பதிவு இத்தனை, வருகை இத்தனை என்று எழுதியிருப்பார்கள். அந்த மூன்று எண்கள் போதும், பாதி விஷயம் தெரிந்துவிடும். மணி பத்தரை ஆகியும் நேற்றைய தேதி நிற்கிறதா? பதிவு 42, வருகை 40 என்றால் நிம்மதி. 42க்கு 27 என்றால் ஏன் என்று கேளுங்கள். திருவிழா, காய்ச்சல் என்று நியாயமான காரணமும் இருக்கலாம். நான் பார்த்த ஓர் எட்டாம் வகுப்பில் பதிவு 61. ஆறு முதல் எட்டு வரை 35 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கு. 61 பேர் ஒரே அறையில் என்றால் கடைசி பெஞ்சுப் பிள்ளை எழுதிய நோட்டை யார் திருத்துவார்கள்?

அடுத்து கழிப்பறை. பெண் பிள்ளை இருந்தால் இதில் தயவு தாட்சண்யமே வேண்டாம். குழாயில் தண்ணீர் வருகிறதா, கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா, பூட்டு தொங்கினால் சாவி யாரிடம் என்று கேட்டுவிடுங்கள்.

வாசலில் கட்டியிருக்கும் 'நூறு சதவீதத் தேர்ச்சி' பேனரைப் பார்த்து மயங்க வேண்டாம். எத்தனை பேர் எழுதினார்கள் என்று கேளுங்கள். பதினொன்றில் என்னென்ன குரூப் இருக்கிறது என்பது அதைவிட முக்கியம். உயிரியலோ கம்ப்யூட்டர் சயின்ஸோ இல்லாத மேல்நிலைப் பள்ளிகளும் உண்டு. இயற்பியல், வேதியியல், கணக்குக்கு ஆள் இருக்கிறார்களா, நிரந்தரமா, பெற்றோர் ஆசிரியர் கழகம் (பி.டி.ஏ.) மூலம் போட்ட தற்காலிக ஆசிரியர்களா? இதை ஆபீஸ் ரூமில் கேட்பதைவிட, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் ஒரு பெற்றோரைப் பிடித்துக் கேட்பது நல்லது. குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், ஆள் கிடைப்பது கஷ்டமில்லை. கேட்டுக்கு எதிரே பெட்டிக்கடை வைத்திருப்பவருக்கும் எந்த டீச்சர் எத்தனை மணிக்கு வருகிறார் என்பது அத்துப்படி.

பள்ளி பிடித்துவிட்டதா? இப்போது அதைச் சுற்றி, பிள்ளை தனியாக நடந்து போகும் தூரத்தில் வீடு தேடுங்கள். தாம்பரத்துக்குத் தெற்கே தண்டவாளமும் ஜி.எஸ்.டி. சாலையும் பெரும்பாலும் பக்கம் பக்கமாகவே போகின்றன. வீடு ஒரு பக்கம், பள்ளி மறுபக்கம் என்றால் பிள்ளை தினமும் இரண்டையும் கடக்க வேண்டும். அப்படி ஒரு வீடு வாடகை குறைவாகக் கிடைத்தாலும் எனக்கு வேண்டாம். அரசுப் பள்ளியில் இந்த ஏரியாதான் என்ற கட்டுப்பாடு கிடையாது, பக்கத்து ஊர்ப் பள்ளியிலும் சேர்க்கலாம். அதனால் தேடும் வட்டத்தை வார்டு எல்லையை வைத்துப் போடாமல், பள்ளி வாசலை வைத்துப் போடுங்கள்.

வீட்டில் மழைத் தண்ணீரை மட்டும் கறாராக விசாரியுங்கள். 2015இல் முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் அடையாற்று வெள்ளம் வீட்டுக்குள் வந்ததை யாரும் மறக்கவில்லை. ஓனர் "இங்கெல்லாம் தண்ணியே நிக்காதும்மா" என்பார். தெருவில் தண்ணீர் மோட்டார்கள் எல்லாம் இடுப்பு உயரத் திண்ணை மேல் ஏறியிருந்தால் அந்தத் தெரு வேறு கதை சொல்கிறது. மாடி வீடாகப் பாருங்கள்.

கரண்டுக்குத் தனி மீட்டர் இருக்கிறதா என்பதும் பணம்தான். தனி மீட்டர் என்றால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் உங்களுக்கு. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு எட்டு, பத்து ரூபாய் என்று வாங்கினால் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராது. போர் தண்ணீர் உப்பா என்று ஒரு வாய் குடித்துப் பாருங்கள்; உப்பென்றால் மாதா மாதம் கேன் செலவு. அட்வான்ஸ் மூன்று மாத வாடகை என்கிறது 2017ஆம் ஆண்டின் தமிழ்நாட்டு வாடகைச் சட்டம். ஆனால் வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் இடம் விட்டிருக்கிறது, அந்தச் சந்தில் புகுந்துதான் பத்து மாதம் கேட்கிறார்கள். ஆறில் ஆரம்பித்துப் பேசுங்கள்.

சேர்க்கையை ஜூன் வரை தள்ளிப்போட வேண்டாம். பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ், போட்டோ எடுத்துக்கொண்டு முன்கூட்டியே போய்ப் பேசிவிட்டால் இங்கிலீஷ் மீடியம் வேண்டும் என்றாலும் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பழைய பள்ளியில் டி.சி. தர இழுத்தடித்தால் பயப்படாதீர்கள். எட்டாம் வகுப்பு வரை டி.சி. தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்திலேயே இருக்கிறது.