பழைய கையின் புது ஆல்பம்: தருமபுரி, கிருஷ்ணகிரியில் இருந்தே ராப் ஆல்பம் முடிப்பது எப்படி

பத்துப் பதினைந்து வருஷம் மேடை ஏறிய ராப்பருக்குச் சரக்குப் பஞ்சம் வராது. ஆல்பம் சொதப்புவது வேறு இடத்தில். இருபது வயதில் பாடிய வேகத்தை நாற்பது வயது மூச்சில் பிடிக்கப் பார்ப்பார்கள். பத்துப் பேரிடம் பத்து பீட் (ராப் பாடுவதற்கான இசைத் தடம்) வாங்கி, பத்து ஊர்ச் சாப்பாட்டை ஒரே இலையில் கொட்டிய மாதிரி அடுக்குவார்கள். இன்றைய குரலுக்கு எழுதி, ஒரே கையில் பீட் வாங்கினால் பாதி வேலை முடிந்தது. மிச்சம் எல்லாம் அறை, மைக், எழுத்துப் பத்திரம், பொறுமை.

முதலில் அளவு. பத்துப் பாட்டு, 35 நிமிடம். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு பாட்டும் ஏன் இருக்கிறது என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எடுத்துவிடுங்கள். 2017-ல் அமெரிக்க ராப்பர் ஜே-ஸீ தன் 47-வது வயதில் வெளியிட்ட '4:44' பத்தே பாட்டு, சுமார் 36 நிமிடம். முழுக்க நோ ஐ.டி. என்ற, பீட் செய்யும் ஒரே தயாரிப்பாளரோடு சேர்ந்து செய்தது. 1994-ல் முதல் ஆல்பம் போட்ட இன்னொரு அமெரிக்க ராப்பர் நாஸுக்கு முதல் கிராமி விருது 2021-ல்தான் கிடைத்தது. அதை வாங்கித் தந்த 2020 ஆல்பமும் பெரும்பகுதி ஹிட்-பாய் என்ற ஒருவரின் கைவண்ணம். சீனியர்களுக்கு ஒரே தயாரிப்பாளர் ஒத்துவருவதற்குக் காரணம் எளிது: உங்கள் குரல் எந்த இடத்தில் கனக்கிறது, எங்கே மூச்சு விடுகிறீர்கள் என்பதெல்லாம் இரண்டாவது பாட்டுக்குள் அவருக்குப் பிடிபட்டுவிடும். மூன்றாவது பாட்டிலிருந்து பீட்டே உங்களுக்கு இடம் விட்டு வரும்.

வேகத்தைக் கணக்குப் போட்டே முடிவு செய்யுங்கள். 90 பிபிஎம்மில் (நிமிடத்துக்கு 90 தட்டு) 16 பார், ஒரு பாருக்கு நான்கு தட்டு என்றால், சுமார் 43 விநாடி. ஒரு தட்டுக்கு நான்கு அசை வைத்தால் விநாடிக்கு ஆறு அசை, தெளிவாகச் சொல்லிவிடலாம். அதையே 140-ல் வைத்தால் விநாடிக்கு ஒன்பதைத் தாண்டும், ழகரமும் றகரமும் வாயிலேயே கரைந்துபோகும். நெடில் குறிலைவிட இரட்டிப்பு நேரம் கேட்கும் என்பதையும் மறக்காதீர்கள். நெடில் அடுக்கிய வரியை வேகமான பீட்டில் ஏற்றினால், நெடிலைக் குறிலாக்கித்தான் பாட வேண்டிவரும். கேட்பவருக்கு வேறு சொல்லாகக் கேட்கும். 82 முதல் 94 வரை பாதுகாப்பான எல்லை. வேகம் காட்டியே ஆக வேண்டும் என்றால் ஆல்பத்தில் ஒரு பாட்டில், அதுவும் எட்டே பாருக்கு.

எழுதும்போதே மூச்சுக்கு இடம் குறியுங்கள். நான்கு பாருக்கு ஒரு முறை அரைத் தட்டாவது வெற்றிடம் வேண்டும். எழுதியதை நடந்துகொண்டே பாடிப் பாருங்கள். நடையில் மூச்சு முட்டுகிற வரி மேடையிலும் முட்டும்.

இயைபில், அதாவது வரிக் கடைசி ஒலி ஒத்துப்போவதில், ஒரு பொறி இருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருவதால் 'போறேன், வாறேன், பாக்குறேன்' என்று எல்லா வரியும் தானாகவே ஒத்துப்போகும். அது உங்கள் திறமை இல்லை, விகுதியின் வேலை. இருபது வயசுப் பையன் செய்தால் பொறுத்துக்கொள்வார்கள், உங்களிடம் மாட்டார்கள். வினையை நடுவில் தூக்கிப்போட்டு, பெயர்ச்சொல்லை வரிக் கடைசிக்குக் கொண்டுவாருங்கள். இரண்டாம் எழுத்து எதுகையை வரிக்குள்ளேயே ஓட விடுங்கள். தளி, தேன்கனிக்கோட்டை பக்கத்தவர் வீட்டில் கன்னடமோ தெலுங்கோ பேசினால் அந்த வரியை அப்படியே விடலாம். ஊர்க்காரனுக்கு அது அலங்காரமாகத் தெரியாது.

பீட் வாங்கும்போது எம்பி3 ஒன்றை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். கிக், ஸ்னேர், பேஸ், மெலடி தனித்தனியாக, ஸ்டெம் என்கிற வேவ் ஃபைல்களாக வேண்டும். இல்லாவிட்டால் மிக்ஸிங்கில் (எல்லா ஒலியையும் அளவு பார்த்துச் சேர்க்கும் வேலை) பேஸைக் குறைக்கவும் முடியாது, குரலுக்கு வழி விடவும் முடியாது. உரிமையை எழுத்தில் வாங்குங்கள். காப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் கையெழுத்தோடு எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து வருஷம், எல்லை குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்றே கொள்ளப்படும். 'எடுத்துக்கோ மச்சான்' என்று வாட்ஸ்அப்பில் வந்த குரல் செய்தியை நம்பி ஆல்பம் போடாதீர்கள். இணையத்தில் பலருக்கும் ஒரே நேரத்தில் வாடகைக்கு விடும் பீட்டையும் தவிருங்கள். அதே பீட்டில் வேறொருவர் முந்திக்கொண்டு யூடியூபில் உரிமையாளரைக் கண்டுபிடிக்கும் கன்டென்ட் ஐடியில் பதிந்துவிட்டால் உங்கள் பாட்டுக்கு உரிமைக் கோரிக்கை வரும், வருமானம் அந்தப் பக்கம் திரும்பும். பழைய சினிமாப் பாட்டிலிருந்து துண்டு வெட்டுவதாக இருந்தால் இரண்டு அனுமதி வேண்டும்: ஒலிப்பதிவுக்கு ஒன்று, இசைக்கும் வரிக்கும் ஒன்று. 'ஐந்து விநாடிதானே' என்பதற்குச் சட்டத்தில் இடமில்லை.

அதைவிட நல்ல வழி ஊரிலேயே இருக்கிறது. பறை, பம்பை, உடுக்கை எல்லாம் பென்னாகரம் முதல் ஊத்தங்கரை வரை வாசிக்கிற கைகள் உண்டு. தெருக்கூத்து முகவீணையின் இரண்டு வரியை வைத்தே ஒரு ஹூக் (திரும்பத் திரும்ப வரும் பகுதி) கட்டலாம். ஆனால் பறையைப் பதிவு செய்வதற்குத் தனிப் பக்குவம் வேண்டும்.

தோல் பறையை நெருப்பில் காய்ச்சினால்தான் விறைப்பு ஏறும். ஆற ஆறச் சுருதி இறங்கும். மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். அதனால் காய்ச்சிய கையோடு சில நிமிடம் எடுங்கள், நிறுத்துங்கள், மறுபடி காய்ச்சுங்கள். இதைக் கவனிக்காமல் ஒரே மூச்சில் எடுத்தால் முதல் டேக்கையும் நான்காவது டேக்கையும் ஒட்டவே முடியாது. இரண்டு வேறு பறை மாதிரி கேட்கும். வைக்கோல் நெருப்பு வெளியில்தான் என்பதால் பதிவையும் வெளியிலேயே வைத்துக்கொள்ளலாம். சுவர் இல்லாத களத்துமேடு கான்கிரீட் அறையைவிட நன்றாகவே இருக்கும், காற்று மட்டும் அடிக்கக் கூடாது. டைனமிக் மைக் ஒன்றை 40 சென்டிமீட்டர் தள்ளி, தோலின் நடுவைப் பார்க்காமல் விளிம்புப் பக்கம் சாய்த்து வையுங்கள். இரண்டாவது மைக் ஒன்றரை மீட்டர் தள்ளி முன்னால். அடி விழும் கணத்தில் ஒலி எகிறும் என்பதால் உச்சம் −12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (மைக் ஒலியை வாங்கும் அளவை) இறக்கிவிடுங்கள். கலைஞர் காதில் டிக் டிக் என்று கிளிக் போட்டு வாசிக்கச் சொல்வது வீண் வேலை. வழிகாட்டியாக நீங்கள் முன்கூட்டியே பாடி வைத்த கைடு டிராக்கைப் போட்டுக் காட்டுங்கள், அடி தானாக உட்காரும். வேகம் கொஞ்சம் நகரத்தான் செய்யும். நன்றாக அமைந்த எட்டு பாரை வெட்டி லூப் ஆக்கினால் போதும். ஃபைபர் பறைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை, ஆனால் அடிநாதம் மெலிந்திருக்கும். வாசித்தவருக்குக் கூலியும் கொடுங்கள், பெயரும் போடுங்கள். நிகழ்த்துக் கலைஞர் உரிமை சட்டப்படி 50 வருஷம் அவருக்கு உண்டு, எனவே அவரிடமும் எழுத்தில் வாங்குவது முறை.

குரலுக்கு வருவோம். பத்துக்குப் பத்து சதுர அறை, சிமெண்ட் சுவர், டைல்ஸ் தரை என்றால் கைதட்டினாலே 'ட்ரிங்' என்று திரும்பும். முட்டை அட்டை ஒட்டுவது இதற்கு மருந்தல்ல. இலவம்பஞ்சு மெத்தை இரண்டை நிமிர்த்தி, பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் மூலையாக வையுங்கள். மைக் முன்பக்கம் கேட்பது என்பதால் உங்கள் முதுகுப் பக்கச் சுவர்தான் அதன் எதிரே இருக்கிறது. பெரும்பாலோர் மைக்குக்குப் பின்னால் மெத்தையை வைத்துவிட்டு 'எதிரொலி போகலையே' என்பார்கள். கண்டென்சர் மைக் வேண்டாம். அது பக்கத்து வீட்டுக் குக்கர் விசிலையும் வாங்கும். எஸ்எம்58 மாதிரி ஒரு டைனமிக் மைக், பாப் ஃபில்டர், வாய்க்கும் மைக்குக்கும் 10 சென்டிமீட்டர். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட்டில் எடுங்கள். உச்சம் −10 முதல் −6 டெசிபலுக்குள்.

சேலம்-பெங்களூரு நெடுஞ்சாலை பக்கத்தில் இருந்தால் ஏர் ஹாரனைத் தவிர்க்க ஜன்னலை மூடி மட்டும் பயனில்லை. லாரியின் உறுமல் தரை வழியே மைக் ஸ்டாண்டில் ஏறும். ஸ்டாண்டின் காலடியில் மடித்த போர்வை போடுங்கள், பதிவில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடி ஒலியை வெட்டுங்கள். ஃபேன் ஓடக் கூடாது என்பதால் கோடையில் 40 நிமிடத்துக்கு மேல் ஒரே அமர்வில் தாங்காது. கரண்ட் போய் இன்வெர்ட்டர் ஓடும்போது பதிவு செய்தால் 'ர்ர்ர்' என்ற இரைச்சல் வரும், குறிப்பாகச் சதுர அலை இன்வெர்ட்டரில். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். இரைச்சல் நின்றால் வீட்டு எர்த்தைச் சரிபார்க்க எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பாடுவதற்கு முன் மாம்பழ ஜூஸ் வேண்டாம், தொண்டையில் கெட்டியாக நிற்கும். ஜூன் மாதக் கிருஷ்ணகிரியில் இதைச் சொல்வது கொடுமைதான்.

ஒரு வெர்ஸை (ஹூக்குக்கு இடையில் வரும் பகுதி) முழுசாக மூன்று முறை எடுங்கள். பிறகுதான் துண்டு வைத்துத் திருத்துவது. எடுத்த எடுப்பிலேயே வரிவரியாக நிறுத்தி நிறுத்திப் பஞ்ச் பண்ணினால் வார்த்தை சுத்தமாக இருக்கும், ஆள் இருக்க மாட்டார். டபுளை (அதே வரியை மறுபடி பாடி மேலே அடுக்குவது) வெர்ஸ் முழுக்கப் போடாமல் வரிக் கடைசி இரண்டு சொல்லுக்கு மட்டும் போடுங்கள். மூச்சுச் சத்தத்தை அழிக்க வேண்டாம், 6 டெசிபல் குறைத்தால் போதும். அனுபவப்பட்ட குரலுக்கு அந்த மூச்சுதான் முகவரி.

மிக்ஸிங்கை நீங்களே செய்யாதீர்கள். காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்; ஓசூர்க்காரருக்குப் பெங்களூரு எட்டிய தூரம். குரலைக் கொண்டுபோகும்போது எஃபெக்ட் இல்லாத ஃபைலாக, எல்லா டிராக்கும் பூஜ்யத்தில் தொடங்கும்படி கொடுங்கள். முடிந்ததை ஃபோன் ஸ்பீக்கரில், ஆட்டோவில், பஸ் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். ஃபோனில் பேஸ் காணாமல் போய்க் குரல் மட்டும் நின்றால் சரி, குரலே மங்கினால் திருப்பி அனுப்புங்கள். மாஸ்டர், அதாவது வெளியிடப் போகும் இறுதி ஃபைல், −14 எல்யுஎஃப்எஸ் (ஒட்டுமொத்தச் சத்த அளவு) சுற்றி, உச்சம் −1 டெசிபல். அதைவிடச் சத்தமாகக் கொடுத்தாலும் ஸ்பாட்டிஃபை அந்த அளவுக்கு இறக்கித்தான் ஒலிக்கும். சரிபார்க்க வாட்ஸ்அப்பில் ஆடியோவாக அனுப்பாதீர்கள், அது நசுக்கிவிடும். டிரைவ் லிங்க் கொடுங்கள்.

வெளியீட்டுக்கு நான்கு வாரம் முன்பே டிஸ்ட்ரிபியூட்டரிடம் (பாட்டை ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களுக்கு அனுப்பும் நிறுவனம்) ஏற்றிவிடுங்கள். ஸ்பாட்டிஃபை பிளேலிஸ்ட்டுக்குப் பாட்டு முன்மொழியக் குறைந்தது ஏழு நாள் அவகாசம் வேண்டும், ஒரு நேரத்தில் ஒரு பாட்டுத்தான். அட்டைப்படம் 3000-க்கு 3000 பிக்ஸல். பெயரின் எழுத்துக்கூட்டல் பழைய வெளியீடுகளில் இருந்தபடியே இருக்கட்டும். ஒரு எழுத்து மாறினாலும் புதிதாக ஒரு கலைஞர் பக்கம் முளைத்து, பத்து வருஷ ரசிகர்கள் பழைய பக்கத்திலேயே நிற்பார்கள். முன்பு தனியாக வந்த பாட்டை ஆல்பத்தில் சேர்ப்பதாக இருந்தால் அதே ஐஎஸ்ஆர்சி எண்ணையே (ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் உள்ள அடையாள எண்) கொடுங்கள். புது எண் வாங்கினால் பழைய கேட்பு எண்ணிக்கை ஒட்டாது.

ஊரில் வெளியீட்டு நிகழ்ச்சி வைத்தால் ஒலிபெருக்கிக்கு அனுமதி வாங்குங்கள். இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிக்கக் கூடாது. மண்டபம் எதிரொலிக்கும் என்பதால் முழு ஆல்பமும் போடாமல் மூன்று பாட்டோடு நிறுத்திவிடுவது நல்லது.

வரவேற்பைப் படிப்பதில்தான் சீனியர்கள் தடுமாறுவது. 'பழைய மாதிரி இல்லையே' என்ற கமெண்ட் கட்டாயம் வரும். எழுதியவர் பழைய பாட்டைப் பள்ளிக்கூட வயதில் கேட்டிருப்பார், அவருக்கு அது அவருடைய வயசு, பதில் எழுதாதீர்கள். 'வரி புரியல' என்று நாலு பேர் ஒரே பாட்டுக்குச் சொன்னால் அது குரல் மிக்ஸின் குறை, எடுத்துக்கொள்ளுங்கள். எண்களில், ஸ்பாட்டிஃபையில் ஒரு கேட்பு கணக்கில் வர 30 விநாடி ஓட வேண்டும். எத்தனை பேர் தொடர்ந்து கேட்கிறார்கள் என்று காட்டும் யூடியூப் வரைபடம் 20 விநாடியில் சரிந்தால் இன்ட்ரோ நீளம். இரண்டாவது வெர்ஸில் சரிந்தால் அந்த வெர்ஸ் முதலாவதையே திரும்பச் சொல்கிறது. ஸ்பாட்டிஃபையில் 12 மாதத்தில் 1000 கேட்பு தாண்டாத பாட்டுக்குப் பணம் வராது என்பது 2024 முதல் நடைமுறை. எனவே முதல் மாதத்தில் விளம்பரக் காசைப் பத்துப் பாட்டுக்கும் பிரிக்காமல், கேட்டவர்கள் அதிகம் சேமித்து வைத்த இரண்டு பாட்டுக்குப் போடுங்கள். மொத்த எண்ணிக்கை நண்பர்கள் பட்டாளத்தால் ஏறியிருக்கலாம். சேமிப்பவர் திரும்பி வருவார்.

வரிக்கும் இசைக்குமான ராயல்டிக்கு, பாடலாசிரியர், இசையமைப்பாளருக்கு அதை வசூலித்துத் தரும் ஐபிஆர்எஸ் சங்கத்தில் உறுப்பினராகி ஒவ்வொரு பாட்டையும் பதியுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் தருவது ஒலிப்பதிவுக் காசு மட்டும். குரல் இல்லாத பீட், பீட் இல்லாத குரல், ஸ்டெம்கள் மூன்றையும் மாஸ்டர் எடுக்கும் அன்றே வாங்கி இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் வையுங்கள். சினிமாவிலிருந்தோ விளம்பரத்திலிருந்தோ கேட்டால் முதலில் கேட்பது குரல் இல்லாத டிராக்கைத்தான், அதுவும் அன்று சாயங்காலத்துக்குள்.