ஜெயங்கொண்டத்தில் கருத்தரங்கு: பஞ்சாங்கத்திலிருந்து தொடங்குங்கள்

ஜெயங்கொண்டத்தில் இரண்டு நாள் வரலாற்றுக் கருத்தரங்கு நடத்தப்போவதாகச் சொல்லி யாராவது யோசனை கேட்டால், முதலில் பஞ்சாங்கத்தை எடுத்து வரச் சொல்வேன். பேச்சாளர் பட்டியலெல்லாம் பிறகு. எங்கள் ஊர் அளவுள்ள ஊர்களில் மண்டபம், லாட்ஜ், சமையல்காரர், வேன், மைக் செட் எல்லாமே முகூர்த்த நாளுக்குக் கட்டுப்பட்டவை. முதல் முறை நான் இதை யோசிக்கவில்லை. கல்லூரிக்கு விடுமுறை, ரயிலிலும் இடம் இருக்கிறது என்று வைகாசியில் ஒரு சனி, ஞாயிறைப் பிடித்தேன். பன்னிரண்டு அறைகளுக்குத் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்த லாட்ஜில், ஒரு மாப்பிள்ளை வீட்டார் முழுப் பணத்தையும் கட்டி ஒன்பது அறைகளைப் பிடித்துவிட்டார்கள். கல்வெட்டு படிக்க வந்த பேராசிரியைகள் இருவர் எங்கள் மண்டபத்து மணமகள் அறையில், பவுடர் வாசனைக்கு நடுவே ஜமுக்காளம் விரித்துப் படுத்தார்கள்.

ஆகவே ஆடி, இல்லையென்றால் மார்கழி. மார்கழிக் கடைசியில் பொங்கல் கூட்டம் ரயிலை நிறைத்துவிடும் என்பதால் என் ஓட்டு ஆடிக்கே. மண்டபம் காலியாகக் கிடக்கும். வாடகையைக் குறைத்துப் பேசலாம். ஆடியிலும் பதினெட்டாம் பெருக்கையும் திருவாதிரையையும் ஒதுக்கிவிடுங்கள். ஆடித் திருவாதிரை ராஜேந்திர சோழன் பிறந்த நாள். அரசு விழாவாகவே நடக்கிறது. கங்கைகொண்ட சோழபுரம் இங்கிருந்து 10 கிலோமீட்டர் அளவுதான். அந்த நாளில் நடத்தினால் எவ்வளவு பொருத்தம் என்று எல்லோரும் சொல்வார்கள். பொருத்தம் சரி, அறைக்கு எங்கே போவது? ஐப்பசிப் பௌர்ணமி அன்னாபிஷேகத்துக்கும் இதே கதைதான்.

நாள் முடிவானதும் கருத்தரங்கை ஒரு கல்யாணம் என்றே நினைத்துக்கொள்ளுங்கள். ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கலை அது. சமையல் மாஸ்டரிடம், "80 பிரதிநிதிகள், இரண்டு நாள், மதிய உணவு" என்று நான் விளக்கியபோது தலையைச் சொறிந்தார். "காலையில் 80 இலை, மதியம் 120 இலை, ராத்திரி 50 இலை, வருபவர்கள் சம்பந்தி வீட்டார் மாதிரி" என்றேன். உடனே மளிகைப் பட்டியல் எழுதக் காகிதம் கேட்டார். மதியத்துக்கு 40 இலை ஏன் கூடுகிறது என்றால், உள்ளூர்க்காரர்கள் சரியாகப் பன்னிரண்டரைக்கு வருவார்கள். வரட்டும், அவர்கள் தயவில்லாமல் எதுவும் நடக்காது.

கல்யாணத்துக்கும் இதற்கும் ஒரே ஒரு வித்தியாசம்: கல்யாணத்தில் மேடையில் பேசுவதை யாரும் கேட்பதில்லை. மண்டபங்களும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கின்றன. உயர்ந்த கூரை, வழவழக்கும் டைல்ஸ் தரை. ஒரு சொல் சுவரில் மோதித் திரும்புவதற்குள் அடுத்த சொல் போய் அதில் முட்டும். முன்பணம் கொடுக்கும் முன், பின்வரிசையில் ஒருவரை உட்காரவைத்து, மேடையிலிருந்து ஒரு மெய்க்கீர்த்தியை, அதாவது கல்வெட்டின் தொடக்கத்தில் வரும் அரசனின் புகழுரையை, மைக்கில் படியுங்கள். "திருமன்னி வளர" என்பது அவர் காதில் எப்படி விழுகிறது என்று கேளுங்கள். எங்களுக்கு, பெரிய பெட்டிகள் இரண்டையும் எடுத்துவிட்டு, பக்கச் சுவரோரம் சின்ன ஒலிபெருக்கி நான்கு வைத்த பிறகுதான் தெளிந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் படக்காட்சி தெரியாது. பந்தல்காரரிடம் கறுப்புத் துணி வாடகைக்குக் கிடைக்கும். பேனரை வெளியே கட்டாதீர்கள். அம்மியே நகரும் காற்றில் அது எம்மாத்திரம்?

வாடகை பேசும்போது எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை ஒரு நாள் என்று கேளுங்கள். பல மண்டபங்களில் முதல் நாள் மாலை தொடங்கி மறுநாள் மாலையோடு முடியும். மின்சாரம், ஜெனரேட்டர் டீசல், துப்புரவு, பாத்திரம் தனிக்கணக்கு. சாவி வாங்கும்போதே மீட்டர் எண்ணைக் குறித்து மேலாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மின்வாரிய அலுவலகத்தில், அந்த வாரம் பராமரிப்புக்காக மின்தடை உண்டா என்றும் கேட்டுவிடுங்கள்.

தங்குமிடத்தில் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. கும்பகோணத்தில் நல்ல ஓட்டல்கள் நிறைய இருக்கின்றன. அங்கே தங்கவைத்து வேனில் கூட்டி வரலாம் என்பார்கள். வேண்டாம். கொள்ளிடம் தாண்டி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பாதை. ஒன்பது மணி அமர்வு பத்தரைக்குத் தொடங்கும். இரவுப் பேச்சும் போய்விடும். கருத்தரங்கின் உயிரே அந்த இரவுப் பேச்சுதான். அறை சுமாராக இருந்தாலும் எல்லோரும் உள்ளூரிலேயே தங்கட்டும். ஆனால் அறையைப் பகலில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நானும் என் கணவரும் ஒரு ராத்திரி பணம் கட்டித் தங்கிப் பார்த்தோம். கொசுவலை இல்லாத ஜன்னல், உள்தாழ்ப்பாள் நிற்காத குளியலறை, காலை ஆறு மணிக்கு வராத வெந்நீர் எல்லாம் அப்போதுதான் தெரிந்தன. லிஃப்ட் இல்லாவிட்டால் முழங்கால் வலிக்காரர்களுக்குக் கீழ்த்தளம், மேற்கத்திய கழிப்பறை. பெண்களுக்கு ஒரே தளத்தில் அடுத்தடுத்த அறைகள். இதைக் கேட்க யாரும் கூச வேண்டியதில்லை. முன்பணத்துக்கு ரசீது கேட்கவும்தான்.

ரயிலில் வருபவர்களுக்கு அரியலூர்தான் வாசல். சென்னை–திருச்சி கார்டு லைனில் பல்லவன், மலைக்கோட்டை எக்ஸ்பிரஸ் இரண்டும் அங்கே நிற்கும். மலைக்கோட்டை விடியாத இருட்டில் கொண்டு வந்து இறக்கும் என்பதால் வேன் ஓட்டுநர் முந்தின இரவே நிலைய வாசலில் இருக்க வேண்டும். அவருக்குப் படியோடு ஒரு கொசுவத்திச் சுருளும் கொடுங்கள். அங்கிருந்து சுமார் 35 கிலோமீட்டர். சிமென்ட், சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துதான் வர வேண்டியிருக்கும், ஒரு மணி நேரம் வையுங்கள். இப்போது முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது. திறக்கும் நாளை அழைப்பிதழிலேயே அச்சிடுங்கள். ஞாயிறு இரவுத் திரும்பு டிக்கெட்டைத்தான் முதலில் எடுக்கச் சொல்ல வேண்டும். பஸ்ஸில் வருபவர்கள் சென்னையில் கிளாம்பாக்கத்தில் ஏறலாம்.

கங்கைகொண்ட சோழபுரம் கோயிலுக்கு இரண்டாம் நாள் காலை ஆறரைக்கே கிளம்புங்கள். பத்து மணிக்கு மேல் பிரகாரக் கல் காய்ந்த தோசைக்கல் மாதிரி. சண்டேசருக்கு இறைவன் பூச்சூட்டும் சிற்பத்தின் முன் நின்று ஒருவர் விளக்கும்போது, கேட்பவர்கள் காலை மாற்றி மாற்றி வைப்பார்கள். பழைய காலுறை ஒரு ஜோடி கொண்டு வரச் சொல்லுங்கள். 2004 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம். அங்கே அமர்வோ முக்காலி வைத்துப் படப்பிடிப்போ நடத்த முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வேண்டும். சும்மா பார்ப்பதற்கு அனுமதி தேவையில்லை. திரும்பும் வழியில், சோழர் அரண்மனை இருந்த மாளிகைமேட்டின் அகழாய்வுக் குழிகளையும் பார்த்துவிடலாம்.

கடைசி அமர்வை மூன்று மணிக்கு முடியுங்கள். சான்றிதழ்களில் முந்தின இரவே கையெழுத்து வாங்கி வைத்திருந்தால் கல்லூரி ஆசிரியர்கள் உங்களை வழிமறிக்க மாட்டார்கள். அரியலூருக்கு வேன் கிளம்பும் நேரத்தில் மட்டும் அரை மணி நேரத்தை ரகசியமாகக் கூட்டி வையுங்கள். முந்திரிக் கடையைக் கண்டதும் எல்லோரும் இறங்கிவிடுவார்கள்.