கட்டண வீதிக் கணிப்பில் பயணிகளின் வருமானத்தை எப்படிச் சேர்ப்பது

கட்டண வீதியில் எத்தனை வாகனம் ஏறும் என்று கணிக்கப் போகும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது, அந்தக் காசு யாருடைய பையிலிருந்து போகிறது என்றுதான். பெரும்பாலும் மாவட்டத்தின் சராசரி வருமானத்தைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அதை வைத்துக்கொண்டு அதிக தூரம் போக முடியாது.

நான் களுவாஞ்சிக்குடியில் இருந்துகொண்டு வெளி நிறுவனங்களுக்குப் போக்குவரத்து மாதிரிகள் செய்து கொடுக்கிறேன். மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் கட்டண வீதி எதுவும் இல்லை. ஆனால் எங்கள் ஊர் வான்கள் கட்டுநாயக்க விமான நிலையத்துக்குப் போகும் வழியில் குருநாகலில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். 2022 ஜனவரியில் திறந்த குருநாகல் - மீரிகம அதிவேகப் பாதையில் ஏறுவதா, கீழ் றோட்டாலேயே போவதா? கணிப்பு என்பது இந்த முடிவை ஆயிரக்கணக்கான பேருக்காக நாம் முன்கூட்டியே எடுத்துப் பார்ப்பதுதான்.

அடிப்படைக் கணக்கு சின்னது. கட்டணம் 300 ரூபா, மிச்சமாகும் நேரம் அரை மணித்தியாலம் என்று வையுங்கள். தன்னுடைய ஒரு மணித்தியாலத்துக்கு 600 ரூபாவுக்கு மேல் பெறுமதி வைத்திருப்பவர் ஏறுவார், மற்றவர் ஏறமாட்டார். இதைத்தான் நேரப் பெறுமதி என்கிறோம். வருமானம் கூடினால் அதுவும் கூடும் என்பது சரி. எவ்வளவு கூடும், எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கூடுமா என்பதில்தான் வேலையே இருக்கிறது.

சராசரி எப்படிக் கவிழ்க்கும் என்று பாருங்கள். இவை விளக்கத்துக்காக நானே வைத்த எண்கள். பயணிகளில் பாதிப் பேரின் நேரப் பெறுமதி 250 ரூபா, 35 சதவீதத்தினருக்கு 500, மிச்சம் 15 சதவீதத்தினருக்கு 1,200. சராசரி 480 வரும். 300 ரூபா கட்டணத்துக்கு 600 தேவை என்பதால், சராசரியை மட்டும் பார்த்தால் ஒருவரும் ஏறமாட்டார்கள். பிரித்துப் பார்த்தால் 15 சதவீதம் ஏறும். கட்டணத்தை 200 ஆக்குங்கள், தேவை 400 ஆகிறது. இப்போது சராசரிக் கணக்கில் எல்லோரும் ஏறிவிடுகிறார்கள், பிரித்த கணக்கிலோ பாதிப் பேர்தான். ஒரே ஊர், ஒரே சனம். சராசரி ஒரு முறை வீதியை வெறுமையாக்குகிறது, இன்னொரு முறை நெரிசலாக்குகிறது.

இனி உண்மையான எண்ணுக்கு வருவோம். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 வருமான செலவின அளவீட்டில் இலங்கைக் குடும்பமொன்றின் சராசரி மாத வருமானம் 76,414 ரூபா, இடையம், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் குடும்பத்தின் வருமானம், 53,333 ரூபா. இந்த இரண்டு எண்ணிலிருந்தே பரவலின் வடிவத்தை எடுக்கலாம். வருமானத்தின் மடக்கை இயல்நிலைப் பரம்பலில் இருக்கிறது என்று கொண்டால், சராசரியை இடையத்தால் பிரித்து, அதன் இயற்கை மடக்கையை இரண்டால் பெருக்கி, வர்க்கமூலம் எடுங்கள். ஏறக்குறைய 0.85 வரும். அதுதான் மடக்கையின் நியம விலகல், அதாவது வருமானம் எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதன் அளவு. அந்த வளைவில் சராசரிக்கு மேல் இருப்பது மூன்றில் ஒரு பங்குக் குடும்பங்கள்தான். கையில் வேறு தரவு இல்லாதபோது இது நல்ல தொடக்கம். 2019 இன் ரூபாவை மட்டும் அப்படியே இன்றைக்குக் கொண்டுவராதீர்கள்.

அப்புறம் வடிகட்ட வேண்டும். இலங்கையின் அதிவேகப் பாதைகளில் மோட்டார் சைக்கிளுக்கும் முச்சக்கர வண்டிக்கும் இடமில்லை. எங்கள் பக்கம் சனம் நிறைய ஓடுவது அவற்றில்தான். அவர்களின் வருமானத்தையும் சேர்த்து எடுத்த புள்ளியை வீதிக்கு வரக்கூடிய கார், வான்காரர்மேல் போட்டால் நேரப் பெறுமதி தாழ்ந்துபோகும். குடும்பக் கணக்கெடுப்பை வாகன வகைப்படி பிரியுங்கள், இல்லாவிட்டால் வீதியோரத்திலேயே நிறுத்திக் கேளுங்கள்.

கேட்பது தனிக் கலை. 2023 இல் அஸ்வெசும என்ற அரச நலன்புரிக் கொடுப்பனவு வந்த பிறகு, படிவமும் பேனையுமாக வந்து மாத வருமானம் கேட்பவரை எங்கள் சனம் கொடுப்பனவை வெட்ட வந்தவராகத்தான் பார்க்கிறது. வசதியானவர் வரிக்காரர் என்று நினைப்பார். இரண்டு பக்கமும் குறைத்தே சொல்லும். அதனால் தொகையைக் கேட்காமல், ஒவ்வொரு வருமான வரம்புக்கும் ஓர் எழுத்து அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, தன் வரம்பின் எழுத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். கூடவே கரண்ட் பில், வாகனம், வெளிநாட்டில் யாராவது இருக்கிறார்களா என்று கேளுங்கள். அக்கரைப்பற்றிலோ சம்மாந்துறையிலோ வேளாண்மை செய்பவரிடம் மாத வருமானம் என்ற கேள்வியே பொருந்தாது. அவருக்குப் பெரும்போக வெட்டிலும் சிறுபோக வெட்டிலும்தான் கை நிறையக் காசு. போகத்துக்கு எத்தனை மூடை, கடன் கழித்து என்ன மிஞ்சும் என்று கேட்டு ஆண்டுக் கணக்காக்குங்கள்.

இப்போது முதலில் கேட்ட கேள்விக்கு, காசு போகும் பைக்கு வருவோம். காத்தான்குடியிலிருந்து கட்டார் போகும் ஒரு தம்பியை ஏற்றிக்கொண்டு வான் புறப்படுகிறது. வீட்டு வருமானம் குறைவு. ஆனாலும் விமான நேரம் நெருங்கினால் ஹைவே காசைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பையனை இறக்கிவிட்டுத் திரும்பும்போது அதே வான், அதே குடும்பம், கீழ் றோட்டால் வரும். வருமானம் மாறவில்லை, அவசரம் மாறியிருக்கிறது. கலிபோர்னியாவில் 1995 இல் திறந்த 91 ஆம் இலக்க வீதியின் கட்டணத் தடங்களிலும் இதே கதைதான். வசதியானவர்கள் அடிக்கடி ஏறினார்கள், குறைந்த வருமானக்காரரும் சில நாட்களில் ஏறினார்கள். ஆகவே வருமானத்தோடு பயண நோக்கத்தையும் சேர்த்தே பிரியுங்கள்.

வாழைச்சேனைத் துறைமுகத்திலிருந்து பேலியகொட சந்தைக்கு ஓடும் மீன் லொறியில் சாரதியின் சம்பளம் கணக்கிலேயே வராது. விடியற்காலை விலைக்கு மீன் போய்ச் சேர வேண்டும், முடிவு முதலாளியுடையது. ஆனால் ட்ரிப்புக்கு மொத்தமாகக் காசு கொடுத்தனுப்பும் முதலாளி என்றால், கட்டணத்தை மிச்சம் பிடிப்பது சாரதிக்கு லாபம்! யாரிடம் கேட்கிறீர்கள் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்முனை - கொழும்பு இரவு பஸ்ஸில் கட்டணத்தை ஆளுக்குப் பங்கிட்டால் சில ரூபாய்தான், ஆனால் அலுவலகம் திறக்க முன்னரே இறங்கப் போகிறவருக்கு அரை மணித்தியாலம் முந்திப் போய் என்ன பயன்?

மாதிரிக்குள் ஏற்றும்போது ஒவ்வொரு குழுவையும் தனிப் பயனர் வகையாக வைத்து, கட்டணத்தை நிமிடமாக மாற்றுங்கள். 300 ரூபா, 250 ரூபாக்காரருக்கு 72 நிமிடம், 1,200 ரூபாக்காரருக்கு 15 நிமிடம். 600 ரூபாவில் கத்தி வைத்து வெட்டியது போலச் சனம் பிரியாது என்பதால் லொஜிட் மாதிரியால், அதாவது ஒவ்வொரு பாதைக்கும் எத்தனை பங்குச் சனம் போகும் என்ற நிகழ்தகவால், பங்கிடுங்கள். அதே வருமானக் குழுக்களைப் பயண எண்ணிக்கையிலிருந்து பாதைத் தெரிவு வரை மாற்றாமல் கொண்டுபோங்கள். இடையில் கலைத்துவிட்டால் வசதியானவரின் பயணங்கள் எல்லோருக்கும் பங்காகிவிடும்.

அமெரிக்க வழிகாட்டிகளில் உள்ளூர்ச் சொந்தப் பயணத்துக்கு மணி வருமானத்தின் பாதி, தூரப் பயணத்துக்கு 70 சதவீதம், தொழில் பயணத்துக்கு முழுவதும் என்று காண்பீர்கள். அது திட்டத்தின் நன்மையை மதிப்பிட வைத்த விதி. எங்கள் சாரதி கட்டணச் சாவடியில் என்ன செய்வார் என்பதை அது சொல்லாது, இங்கேயே அளந்து பாருங்கள்.

எதிர்காலத்துக்கு வருமான நெகிழ்ச்சி தேவை, அதாவது வருமானம் கூடும்போது நேரப் பெறுமதி எந்த அளவில் கூடும் என்ற எண். அதை 0.5 என்று வைத்தால் வருமானம் நாலு மடங்காகும்போது நேரப் பெறுமதி இரண்டு மடங்கு, 1 என்றால் நாலு மடங்கு. இருபது வருடக் கணிப்பில் இந்த ஒரு எண்ணே கட்டணத்தால் வரும் வருமதியைத் தலைகீழாக்கிவிடும், இரண்டையும் ஓட்டிக் காட்டுங்கள். பெருக்க வேண்டியது விலைவாசி கழித்த வருமானத்தை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண் ஒரு வருடத்தில் ஏறக்குறைய 70 சதவீதம் ஏறியபோது சம்பளங்கள் அந்த வேகத்தில் ஏறவில்லை. 2021 இன் முடிவில் 177 ரூபா விற்ற பெற்றோல் 2022 ஜூன் கடைசியில் 470. அப்படியொரு வருடத்தை மோசமான நிலையாகக் கட்டாயம் வையுங்கள், கட்டணம் விலைவாசியோடு ஏறும் என்று ஒப்பந்தம் சொன்னால் இன்னும் கட்டாயம்.

ஸ்டாண்டர்ட் அன்ட் புவர்ஸ் என்ற கடன் தர மதிப்பீட்டு நிறுவனம் நூற்றுக்கு மேற்பட்ட கட்டண வீதிகளை ஒப்பிட்டு 2005 இல் சொன்னது, வந்த வாகனங்கள் கணித்ததில் சராசரியாக 77 சதவீதம் அளவுதான் என்று. உங்கள் அறிக்கையில் ஒற்றை எண்ணை எழுதாமல், எந்த வருமானக் குழு எத்தனை வாகனம் தருகிறது என்ற அட்டவணையை முதலில் வையுங்கள். மேல் 15 சதவீதத்தினரிடமிருந்து பாதி வருமதி வருகிறது என்றால், கடன் கொடுப்பவர் அதைக் கையெழுத்துப் போட முன்னரே பார்க்கட்டும்.