பழைய காயம், புதிய அறுவை சிகிச்சை: தொடர்பை நிரூபிக்க

ஆலையில் வழுக்கி விழுந்து முழங்காலில் அடி. இரண்டு ஆண்டு கழித்து அதே முழங்காலில் அறுவை சிகிச்சை. இழப்பீடு கேட்டால், "இது வயதினால் வந்த தேய்மானம்" என்று கையை விரிப்பார்கள். வாய்ப்பேச்சு அங்கே எடுபடாது.

விபத்தன்று பதிவானவற்றை முதலில் திரட்டுங்கள்: அரசு மருத்துவமனையின் ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்), இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) தொழிலாளி என்றால் நிறுவனம் அனுப்பிய 12-ஆம் படிவம், அதாவது விபத்து அறிக்கை. வலது கால் இடது காலாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். அவசரத்தில் எழுதுகிறவர்கள் அதைச் செய்வதுண்டு. உள்நோயாளி ஆவணங்களை மருத்துவர்கள் 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி. ஆகவே தாமதிக்க வேண்டாம்.

இடைப்பட்ட காலத்து ஓ.பி. சீட்டு, மருந்து பில், பிசியோதெரபி அட்டை எல்லாம் வலி விடாமல் தொடர்ந்ததற்குச் சாட்சி.

எல்லாவற்றையும்விட முக்கியம் அறுவை செய்த மருத்துவரின் கடிதம். "முழங்கால் வலிக்கு அறுவை சிகிச்சை" என்று மட்டும் இருந்தால் பயனில்லை. "இன்ன தேதியில் பணியிடத்தில் ஏற்பட்ட காயமே இந்தச் சிகிச்சைக்குப் பெரும்பாலும் காரணம்" என்று, காரணத்தையும் விளக்கி எழுதித் தரக் கேளுங்கள். அதற்கு முன் பழைய ஸ்கேனை அவரிடம் காட்டுங்கள். தேய்மானம் உண்மையிலேயே இருந்திருந்தால் மறைக்க வேண்டாம். விபத்து அதை மோசமாக்கியதா என்று கேளுங்கள், அதுவும் செல்லுபடியாகும் வாதம்தான். அரசு மருத்துவர் என்றால் இடமாறுதலுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.