தூளியில் கண்ணயரட்டும், பாயில் தூங்கட்டும்

டெல்டா ஊர்களில் பிள்ளை பிறந்த வீட்டில் முதலில் உத்திரத்தைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள், தூளி எங்கே கட்டலாம் என்று. அழுகிற பிள்ளையை அமர்த்த அதை மிஞ்சியது இல்லை. ஆனால் கண் சொக்கியதும் எடுத்துப் பாயில் போட்டுவிட வேண்டும். சேலை குழிந்து கிடப்பதால் முதுகு வளைந்து, தாடை நெஞ்சில் முட்டும். கழுத்து நிற்காத பிள்ளைக்கு மூச்சு அப்படியே அடைபடலாம். அழுகைகூட வராது, பார்க்கிறவர்களுக்கு அயர்ந்து தூங்குவது போலத்தான் இருக்கும்.

தூளிக்குக் கிழிசல் இல்லாத நூல் சேலையே நல்லது. பாலியெஸ்டர் வேர்க்கும், முடிச்சும் நழுவும். குறுக்குக் கட்டை போட்டு வாயை விரித்து வைத்தால் முகம் கண்ணில் படும். அடிப்பாகம் தரையிலிருந்து ஒரு முழத்துக்கு மேல் போக வேண்டாம். கீழே ஜமுக்காளம் ஒன்றை மடித்துப் போடுங்கள். கொக்கி, கயிறு, ஸ்பிரிங் மூன்றையும் தினமும் இழுத்துப் பாருங்கள். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும். பிள்ளை குப்புற விழ ஆரம்பித்ததும் தூளிக்கு விடை கொடுங்கள். சும்மா தொங்கும் தூளியையும் சுருட்டி எட்டாமல் மேலே போடுங்கள். பெரிய பிள்ளைகள் முறுக்கி விளையாடும்போது கழுத்து இறுகிவிடும்.

பாயில் போடும்போது முதலில் பிருஷ்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை. நெஞ்சில் ஒரு நிமிஷம் கை வைத்திருந்துவிட்டு மெல்ல எடுங்கள். எப்போதும் மல்லாக்கத்தான். பாய் மேல் ஒரு போர்வையை மடித்து விரித்தால் போதும், அழுத்தினால் குழியக் கூடாது. தலையணை வேண்டாம், கடுகுத் தலையணையும்தான். தலை தட்டையாகாமல் இருக்க, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தலைமாட்டை மாற்றிப் போடுங்கள். விழித்திருக்கும்போது கண்காணிப்பில் சற்று நேரம் குப்புறப் போடுங்கள். அம்மாவின் கையெட்டும் தூரத்தில் தனிப் பாய் நல்லது. குடித்துவிட்டு வந்தவர், புகைபிடிப்பவர் பக்கத்தில் ஒருபோதும் கூடாது.

கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருகுங்கள். கொசு மட்டும் இல்லை. வயலை ஒட்டிய வீடுகளில் ராத்திரி தரையில் படுப்பவர்களைக் கடிப்பது கட்டுவிரியன். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை பிஞ்சு நுரையீரலுக்கு ஆகாது. கை கால் சில்லென்று இருந்தால் பதற வேண்டாம். பிடரியைத் தொடுங்கள், அங்கே வேர்த்திருந்தால் துணி அதிகம்.

முதல் மூன்று மாதம் நாளுக்கு 14 முதல் 17 மணி நேரத் தூக்கம், ஒரு வயதுவரை 12 முதல் 16. ஆனாலும் “தூங்குற புள்ளைய எழுப்பாதே” என்பதை முதல் வாரங்களில் கேட்க வேண்டாம். பிறந்தபின் குறைந்த எடை 2 வாரத்துக்குள் திரும்பும்வரை, 3 மணி நேரத்துக்கு ஒரு முறை எழுப்பிப் பால் கொடுங்கள். முதல் 3 மாதம் நாளுக்கு 25 முதல் 30 கிராம் ஏறணும். 5 மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பு, ஒரு வயதில் மும்மடங்கு. மாதம் ஒரு முறை அங்கன்வாடித் தராசில் நிறுத்து அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். அட்டையில் எடைக்கோடு ஏறாமல் கிடையாகப் படுத்தாலே போய்க் காட்ட வேண்டும், இறங்கும்வரை காத்திருக்கக் கூடாது.

ராத்திரி முழுக்கத் தூங்கட்டும் என்று நீர்க்கஞ்சி ஊற்றுவது வீண். வயிறு நிரம்பும், சத்து இருக்காது. 6 மாதம்வரை தாய்ப்பால் மட்டுமே, தேனும் சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். அதன்பின் பால் கொடுத்துக்கொண்டே, கரண்டியைச் சாய்த்தாலும் ஒழுகாத அளவு குழைந்த சாதம், பருப்பு, கொஞ்சம் நெய். தொடக்கத்தில் வேளைக்கு 2, 3 மேசைக்கரண்டி.

தூங்கிவழிந்துகொண்டே பால் மறுத்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ, 2 மாதத்துக்குள் காய்ச்சல் வந்தாலோ விடியும்வரை வைத்துப் பார்க்காமல் 108-ஐ அழையுங்கள்.