எலெக்ட்ரிக் காரை ட்ராக்குக்கு ரெடி பண்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்: கேலிப்பர் அப்புறம், ஃப்ளூயிட் முதல்ல

லகூனா சேக்கா, தண்டர்ஹில், சொனோமா, கலிஃபோர்னியால எந்த ட்ராக் டே (சொந்த காரை ரேஸ் ட்ராக்ல ஓட்டிப் பாக்கற நாள்) போனாலும் பேடாக்ல, அதாவது கார் நிறுத்தற இடத்துல, நாலஞ்சு டெஸ்லா நிக்காம இருக்கறதில்ல இப்பெல்லாம், அதுல ஒண்ணு ரெண்டாவது பே ஏரியாவுல வேலை பாக்கற நம்ம ஊர் பசங்களோடதா இருக்கும். மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ் வாங்கி, ஃப்ரீவே ஏறும்போது நாலு தடவ மிதிச்சு பாத்துட்டு, அடுத்து ட்ராக்தான்னு முடிவு பண்ணி, ஆன்லைன்ல பார்ட்ஸ் ஆர்டர் பண்ணி மாட்டிட்டு வந்துடறாங்க. வர்றது ரொம்ப நல்ல விஷயம், சந்தோஷமாத்தான் இருக்கு. ஆனா நாங்கல்லாம் ஆரம்பத்துல என்னென்ன தப்பு பண்ணோமோ அதே தப்பு, அதே வரிசையில பண்றாங்க, அதை பாத்துட்டு சும்மா இருக்க முடியல. ஹெல்மெட் மறக்கறது, டிக்கியில லூசா சாமான் கிடக்கறது இதெல்லாம் நான் சொல்லப்போறதில்ல, உள்ள விடறதுக்கு முன்னாடி நடக்கற டெக் இன்ஸ்பெக்ஷன்லயே பிடிச்சு திருப்பி அனுப்பிடுவாங்க. அங்க யாரும் பிடிக்காத தப்பைத்தான் எழுதறேன்.

பெரிய கேலிப்பர், பழைய ஃப்ளூயிட்

இது ஒண்ணுக்காகத்தான் இவ்வளவு எழுதறதே. பெடலை மிதிச்சா அந்த அழுத்தத்தை பிரேக் ஃப்ளூயிட்ங்கற திரவம் கேலிப்பருக்கு கொண்டு போகும், கேலிப்பர்ல இருக்கற பிஸ்டன் பேடை ரோட்டர்ங்கற வட்டத் தட்டு மேல அமுக்கும், பிரேக் பிடிக்கறது அப்படித்தான்.

ஒரு தம்பி, மாடல் 3 பெர்ஃபார்மன்ஸ், முன்னாடி சிவப்பு கலர்ல ஆறு பிஸ்டன் கேலிப்பர், பெரிய ரோட்டர், பாக்க அவ்வளவு அழகா இருந்துச்சு. லகூனா சேக்காவுல முதல் செஷன் நல்லா ஓட்டினான், ரெண்டாவதுல பெடல் கொஞ்சம் ஆழமா போகுதுன்னு சொன்னான், புது பேடுதானே, செட் ஆயிடும்னு அவனே சமாதானமும் சொல்லிக்கிட்டான். மூணாவது செஷன்ல ரெண்டாவது டர்ன், மேல இருந்து இறங்கி வந்து ஆண்ட்ரெட்டி ஹேர்பின்ல பிரேக் அடிக்கணும், பெடல் நேரா தரைக்கு போயிடுச்சு. ரெண்டாவது மிதிக்கு கொஞ்சம் பிடிச்சுது, அதுக்குள்ள கார் வெளிய போய் சரளைக்கல்லுல புதைஞ்சு நின்னுச்சு. ஆளுக்கு ஒண்ணும் ஆகல. இறங்கி வந்து அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, இவ்வளவு பெரிய பிரேக் போட்டும் எப்படிண்ணா?"

சாயங்காலம் கேலிப்பர்ல ஃப்ளூயிட்டை வெளிய விடற ப்ளீடர் ஸ்க்ரூவை திறந்து உள்ள இருக்கறது தெரியற ட்யூப் மாட்டி பாத்தோம். முதல்ல பழுப்பா கலங்கின ஃப்ளூயிட், அப்புறம் குட்டி குட்டியா குமிழி, குமிழி நின்னு சுத்தமா வர்றதுக்கு பெடலை எத்தனை தடவ மிதிச்சான்னு கணக்கே இல்ல. கிட்டு மாட்டின கடைக்காரங்க, புது கேலிப்பர் நிரம்பற அளவுக்கு மட்டும் சாதாரண டாட் 3 ரக ஃப்ளூயிட் ஊத்தி ப்ளீட் பண்ணி (லைன்ல இருக்கற காத்தை வெளியேத்தி) குடுத்திருக்காங்க, ரிசர்வாயர்லயும் பின் லைன்லயும் கார் வாங்கினப்ப இருந்த அதே ஃப்ளூயிட். காசு வாங்கற இடத்துல வேலை அப்படி. இன்னிக்கும் நினைச்சா எரிச்சலா வருது, ஏன்னா ஒரு பாட்டில் ஃப்ளூயிட் எவ்வளவு, அந்த கிட்டு எவ்வளவு, சரளையில உடைஞ்ச பம்பர் எவ்வளவு!

எலெக்ட்ரிக் கார்க்காரங்க இதுல மாட்டறதுக்கு ஒரு தனி காரணம் இருக்கு. ரோட்டுல பாதிக்கு மேல வேகத்தை குறைக்கறது ரீஜென்தான் (மோட்டாரே ஜெனரேட்டரா மாறி வேகத்தை கரண்ட்டாக்கி பேட்டரிக்கு திருப்பி அனுப்பறது), பிரேக் பேட் வருஷக்கணக்குல தேயவே தேயாது. அதனால "என் பிரேக்கை நான் தொடறதே இல்ல, அது புதுசு மாதிரிதான் இருக்கும்"னு ஒரு நம்பிக்கை. பேட் புதுசு மாதிரி இருக்கும், சரி. ஃப்ளூயிட் அப்படி இல்ல, நீங்க மிதிச்சாலும் மிதிக்காட்டியும் காத்துல இருக்கற ஈரத்தை உள்ள இழுத்துக்கிட்டேதான் இருக்கும். புது டாட் 3க்கு கொதிநிலை குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினதுக்கப்புறம் 140. டாட் 4 புதுசுல 230, ஈரத்தோட 155. ட்ராக்ல கேலிப்பருக்குள்ள இருக்கற ஃப்ளூயிட் 140, 155ஐ தாண்டறது ஒண்ணும் பெரிய விஷயமே இல்ல. கொதிச்சா ஆவி, ஆவிய அமுக்க முடியும், உங்க கால் அமுக்கறது பூரா அந்த ஆவியை அமுக்கத்தான் போகும், பேடுக்கு போய் சேராது.

எவ்வளவு சூடுன்னு ஒரு கணக்கு போட்டு பாருங்க. டிரைவரோட சேத்து 1,900 கிலோ கார், 190 கிலோமீட்டர் வேகத்துல இருந்து 80க்கு இறங்குதுன்னா வெளியேத்த வேண்டிய சக்தி சுமார் 2.2 மெகாஜூல். ஏழு லிட்டர் தண்ணிய கொதிக்க வைக்கற சூடு அது, அதுவும் மூணு நாலு செகண்டுல, அதுவும் லேப்புக்கு லேப், ஒவ்வொரு பெரிய டர்ன்லயும். ரீஜென் பாத்துக்கும்னு சொல்றவங்களுக்கு, மோட்டார் 100 கிலோவாட்டே வாங்கிக்கிட்டாலும் நாலு செகண்டுல 0.4 மெகாஜூல், அஞ்சுல ஒரு பங்கு கூட கிடையாது. மிச்சம் பூரா ரோட்டர், பேட், ஃப்ளூயிட் தலையிலதான். 2024ல வந்த புது போர்ஷே டைகான் மாதிரி 400 கிலோவாட் வரைக்கும் திருப்பி வாங்கற காருக்கு இந்த கணக்கு மாறும், நம்ம மாடல் 3க்கு மாறாது.

அப்ப பெரிய கேலிப்பர் எதுக்கு? முதல்ல இதை புரிஞ்சிக்கணும், காரை நிறுத்தறது டயர். கம்பெனி பிரேக்லயே ஓங்கி மிதிச்சா சக்கரம் பூட்டிக்காம தடுக்கற ஏபிஎஸ் வேலை செய்யுதுல்ல, அதாவது டயரோட பிடிப்பு முடிஞ்சு போச்சு, அதுக்கு மேல எவ்வளவு பெரிய கேலிப்பர் போட்டாலும் அந்த ஒரு தடவை நிக்கற தூரம் குறையாது. பெரிய ரோட்டரோட வேலை சூட்டை தாங்கறது, பத்தாவது லேப்லயும் முதல் லேப் மாதிரி பெடல் இருக்கணும்னு. அதுவும் முன்னாடி மட்டும் பெரிய பிஸ்டன் மாட்டினா பெடல் ஆழம் கூடும், பிரேக் பலம் பூரா முன்னாடி சாயும், பின் சக்கரம் சும்மா வந்துட்டிருக்கும். முன்னும் பின்னும் கணக்கு பாத்து செஞ்ச கிட்டா இருந்தாத்தான் வாங்கணும்.

நான் சொல்ற வரிசை இதுதான். முதல்ல ஃப்ளூயிட், நாலு சக்கரத்துலயும் பழசு பூரா வெளிய வர்ற வரைக்கும். மோட்டுல் ஆர்பிஎஃப் 600 புதுசுல 312 டிகிரி தாங்கும், அடிக்கடி மாத்தறவங்களுக்கு தாராளமா போதும். காஸ்ட்ரால் எஸ்ஆர்எஃப் விலை ஜாஸ்தி, ஆனா ஈரம் ஏறினதுக்கப்புறமும் 270 டிகிரி, வருஷத்துக்கு நாலஞ்சு ட்ராக் டே போறவங்களுக்கு அதுதான் நிம்மதி. அடுத்தது ட்ராக் பேட். அதுக்கப்புறம் பிரேக்குக்கு காத்து வர வழி. இதெல்லாம் பண்ணி, நீங்களும் வேகமாகி, அப்பவும் பிரேக் பத்தலைன்னா பெரிய கிட்டை பத்தி பேசலாம். நிறைய பேருக்கு அந்த நாள் வரவே வராது. 2020ல டெஸ்லாவே மாடல் 3க்கு ட்ராக் பேக்கேஜ்னு வித்தப்ப அதுல பெரிய கேலிப்பர் கிடையாது, வீல், மிஷலின் கப் 2 டயர், ட்ராக் பேட், இந்த மாதிரிதான்.

இன்னொண்ணு, பெடல் என்ன சொல்லுதுன்னு கேக்க பழகிக்கோங்க. கால் கீழ கீழ போகுது, மெத்துமெத்துன்னு இருக்குன்னா ஃப்ளூயிட் கொதிக்குது. பெடல் கல்லு மாதிரி இருக்கு ஆனா கார் நிக்கலைன்னா பேட் சூடு தாங்கல. முதலாவதுன்னா அன்னிக்கு ப்ளீட் பண்ணாம திரும்ப உள்ள போகவே கூடாது. "ஆறட்டும், சரியாயிடும்"னு சொல்லாதீங்க, ஒரு தடவ கொதிச்ச ஃப்ளூயிட்டை நம்பக்கூடாது. பின் கேலிப்பர்லதான் எலெக்ட்ரிக் பார்க்கிங் பிரேக் மோட்டாரும் இருக்கு, பேட் மாத்தறப்ப சர்வீஸ் மோட் போய் அதை பின்னுக்கு இழுக்க வெச்சுட்டு செய்யுங்க, சி-க்ளாம்ப் வெச்சு முட்டிக்கிட்டு நிக்காதீங்க.

பேட் செட் பண்ணாம நேரா அடிக்கறது

புது பேடை பெட்-இன் பண்ணணும்னு (கொஞ்சம் கொஞ்சமா சூடாக்கி ரோட்டரோட பழக்கணும்னு) எல்லாருக்கும் தெரியும், பெட்டியிலயே எழுதியிருக்கும். ஆனா அதுல எழுதியிருக்கறது பெட்ரோல் காருக்கு. நம்ம கார்ல ஆக்சிலரேட்டர்ல இருந்து காலை எடுத்த உடனே ரீஜென் பாதி வேகத்தை தின்னுடும், பேடுக்கு வர வேண்டிய சூடு வராது, பத்து தடவ பிரேக் அடிச்சும் ரோட்டர்ல அந்த ஒரே சீரான சாம்பல் படலம் படிஞ்சிருக்காது. டெஸ்லாவுல ட்ராக் மோட்ல ரீஜெனை பூஜ்யத்துக்கு இறக்கலாம், அதை பண்ணிட்டு ட்ராக்லயே முதல் செஷனை இதுக்குன்னு ஒதுக்குங்க, கொஞ்சம் கொஞ்சமா அழுத்தத்தை கூட்டிக்கிட்டே வந்து, கடைசியில பிரேக்கே தொடாம ரெண்டு லேப் ஆற விடுங்க. ஹ்யூண்டாய் ஐயானிக் 5 என் மாதிரி கார்ல இன்னும் கஷ்டம், அதுல பிரேக் பெடலை மிதிச்சாலே முதல்ல மோட்டார்தான் வேலை செய்யும், 0.6 ஜி (புவியீர்ப்பு முடுக்கத்துல 0.6 பங்கு) வரைக்கும் அதுவே இழுத்துடும், மெதுவா மிதிச்சா பேட் ரோட்டரை உரசறது கூட பேருக்குத்தான். ரொம்ப நாள் ரோட்டுல மட்டும் ஓடின கார்னா பழைய ரோட்டர்ல துரு ஏறி பேட் மேல் பக்கம் பளபளன்னு இருக்கும், புது பேடை அந்த ரோட்டர் மேல போட்டு பிரயோஜனமில்ல.

100 சதவீதம் சார்ஜ் போட்டு ட்ராக்குக்குள்ள போறது

ட்ராக்ல கரண்ட் குடிக்கும்னு பயந்து ஃபுல்லா ஏத்திட்டு வருவாங்க. பேட்டரி நிறைஞ்சிருந்தா ரீஜென் போக இடமில்ல, ஸ்க்ரீன்ல பவர் கோட்டுல புள்ளி புள்ளியா காட்டும் பாருங்க, அதுதான் அர்த்தம். முதல் ரெண்டு லேப் கால் எடுத்தா கார் உருண்டுக்கிட்டே போகும், அப்புறம் சார்ஜ் இறங்க இறங்க ரீஜென் திரும்ப வரும், அதாவது ஒரே டர்ன்ல ஒவ்வொரு லேப்பும் கார் வேற மாதிரி நடந்துக்கும். புதுசா கத்துக்கறவங்களுக்கு இதை விட மோசமான நிலைமை கிடையாது. பேட்டரி ரொம்ப சூடானாலும் இதே கதை, தண்டர்ஹில்ல வெயில் காலத்துல மத்தியானம் ஓட்டினவங்களுக்கு தெரியும். 85, 90ல ஆரம்பிங்க, செஷனை சின்னதா வெச்சுக்கோங்க, நடுவுல சார்ஜ் பண்ண எங்க போகணும்னு முந்தின நாளே பாத்து வைங்க. டர்னுக்கு நடுவுல பயந்து போய் காலை வெடுக்குனு எடுக்கறதும் இதோட சேந்த தப்புதான், அது ஹேண்ட்பிரேக் லேசா இழுத்த மாதிரி, பின்னாடி சுத்தி வந்துடும்.

டயர்ல லோட் நம்பரை பாக்காதது

சைஸ் பாக்கறாங்க, பிராண்ட் பாக்கறாங்க, பக்கத்துல இருக்கற சின்ன நம்பரை பாக்கறதில்ல. 92னா அந்த டயர் ஒண்ணு 630 கிலோ தாங்கும், 88னா 560. பேப்பர்ல சின்ன வித்தியாசம்தான், ஆனா ரெண்டு டன்னுக்கு பக்கத்துல இருக்கற கார் டர்ன்ல சாயும்போது வெளிப்பக்க முன் டயர் தலையில எவ்வளவு ஏறும்னு யோசிங்க. லேசான ஸ்போர்ட்ஸ் காருக்கு செஞ்ச செமி ஸ்லிக்கை (பள்ளம் கம்மியா இருக்கற ட்ராக் டயர்) விலை கம்மின்னு மாட்டாதீங்க, காரோட வந்த டயரோட லோட் நம்பருக்கு கீழ போகவே வேண்டாம். 18 இன்ச் வீலுக்கு இறங்கறது நல்ல யோசனைதான், டயர் விலையும் கம்மி, எடையும் கம்மி, ஆனா கேலிப்பர் உள்ள இடிக்குதான்னு வாங்கறதுக்கு முன்னாடியே அளந்துடுங்க.

காத்து அளவு இன்னொரு குழப்பம். ரோட்டுக்கு 42 பி.எஸ்.ஐ வரைக்கும் கம்பெனி சொல்லும், அதே 42ஓட ட்ராக்குக்குள்ள போனா நாலு லேப்ல 50ஐ தொடும், டயர் உருண்டையா நடுவுல மட்டும் தரையை தொடும், அப்புறம் "கப் 2 வழுக்குது ப்ரோ"னு டயரை குறை சொல்லுவாங்க. சூடா இருக்கறப்ப எவ்வளவுங்கறதுதான் கணக்கு. உள்ள வந்து நிறுத்தின உடனே, ஆறறதுக்குள்ள அளந்து, கொஞ்சம் கொஞ்சமா இறக்குங்க. ஆனா வீட்டுக்கு போறதுக்கு முன்னாடி திரும்ப ஏத்தணும், மறந்துடாதீங்க.

முன் டயர் வெளி ஓரம் மட்டும் நார்நாரா பிஞ்சு, உள் ஓரம் புதுசா இருக்கா? டயர் மேல தப்பில்ல, கேம்பர் (சக்கரத்தோட மேல் பக்கம் உள்ள சாயற கோணம்) பத்தல. மாடல் 3ல முன் கேம்பரை மாத்த கம்பெனி வழியே வைக்கல, அட்ஜஸ்ட் பண்ற மாதிரி மேல் கன்ட்ரோல் ஆர்ம் தனியா வாங்கணும். ரெண்டாவது செட் கப் 2 வாங்கறதுக்கு முன்னாடி இதை வாங்குங்க, டயர் காசுலயே அது திரும்பி வந்துடும்.

மழையில கப் 2

வேண்டாம். ஸ்டாக் டயர்ல வந்து, ஸ்டாக் டயர்ல வீட்டுக்கு போங்க.

செஷன் முடிஞ்ச உடனே பார்க் போடறது

டெஸ்லாவுல பார்க் போட்டாலே பின் பேட் ரோட்டரை கவ்விக்கும், கொதிக்கற ரோட்டர் மேல ஒரே இடத்துல பேட் ஒட்டி நின்னா அடுத்த செஷன்ல ஸ்டீயரிங் வரைக்கும் நடுங்கும், உடனே "ரோட்டர் வளைஞ்சு போச்சு"ம்பாங்க. நியூட்ரல்ல விட்டுட்டு இறங்கினா போதும்னு நினைக்காதீங்க, சீட்டை விட்டு எழுந்த உடனே கார் தானா பார்க்குக்கு போயிடும். கடைசி லேப்பை பிரேக் தொடாம மெதுவா ஓட்டி ஆற விடுங்க, பேடாக்குக்கு வந்தும் சூடு இருந்தா இன்னொரு சுத்து பேடாக்குள்ளயே போங்க. இல்லைன்னா சக்கரத்துக்கு கட்டை அண்டக் கொடுத்துட்டு, வண்டிய இழுத்துட்டு போறதுக்குன்னு ஸ்க்ரீன்ல இருக்கற மோடை போட்டு பிரேக்கை விடுவிச்சுடுங்க.

இன்ஷூரன்ஸ்

உங்க சாதாரண பாலிசி ட்ராக்ல அடிபட்டா பெரும்பாலும் தராது. அந்த ஒரு நாளுக்குன்னு தனியா ட்ராக் இன்ஷூரன்ஸ் விக்கறாங்க, முந்தின வாரமே எடுங்க.

ஜாக்கும் நட்டும்

அடியில இருக்கறது பூரா பேட்டரி. ஜாக் பாயிண்ட் ஓட்டையில ரப்பர் பக் (சின்ன ரப்பர் கட்டை) வெச்சு அது மேல மட்டும்தான் தூக்கணும், பேடாக்ல யாராவது உதவிக்கு ஜாக்கோட ஓடி வந்தா முதல்ல கையை பிடிச்சு நிறுத்துங்க. வீல் நட்டு 175 நியூட்டன் மீட்டர், டார்க் ரெஞ்ச் வெச்சுத்தான், கடையில ஏர் கன்ல முடுக்கினதை நம்பி வரக்கூடாது. முதல் செஷன் முடிஞ்சு வீல் ஆறினதும் திரும்ப ஒரு தடவ நாலு சக்கரத்தையும் பாருங்க, புது வீல் மாட்டின அன்னிக்கு ஒண்ணு ரெண்டு நட்டாவது கால் சுத்து உள்ள போகும்.