லினக்ஸில் ரோபோ போர்டுக்குப் புரோகிராம் ஏற்றுகிறீர்களா? போர்டைக் குறை சொல்லும் முன்

லினக்ஸ் போட்ட பழைய லேப்டாப்பில் ரோபோவை இயக்கும் சின்ன போர்டான ஆர்டுயினோ நானோவைச் சொருகி, புரோகிராம் ஏறவில்லை என்றதும் "போர்டு போச்சு" என்று முடிவு கட்டுவதுதான் முதல் தவறு. நானும் அப்படி ஒரு நானோவைத் தூக்கி ஓரமாகப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினேன். புதியதும் அதே மாதிரி மக்கர் செய்தபோதுதான் கோளாறு கம்ப்யூட்டர் பக்கம் என்று உறைத்தது.

இப்போதெல்லாம் போர்டைச் சொருகும் முன்பே டெர்மினலில் டிமெஸ்ஜி (dmesg -w) கட்டளையை ஓடவிட்டு, லினக்ஸின் மையமான கர்னல் என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொண்டே சொருகுகிறேன். ஒரு வரிகூட வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றுங்கள். சார்ஜ் போடுவதற்கென்றே வரும் சில கேபிள்களில் மின்சாரத்துக்கான இரண்டு ஒயர்தான் இருக்கும், தகவல் போகும் இரண்டும் இருக்காது. போர்டில் விளக்கு எரிவதைப் பார்த்து கேபிள் சரி என்று நம்பிவிடுகிறோம்.

என் நானோவுக்கு வரிகள் வந்தன. விலை குறைந்த நானோக்களில் யூஎஸ்பி வேலையைப் பார்ப்பது பெரும்பாலும் சி.எச்.340 சிப். அதற்கான டிரைவர் கர்னலிலேயே இருக்கிறது, தனியாகத் தேட வேண்டியதில்லை. டிடிஒய்-யூஎஸ்பி-0 என்று போர்ட் (கம்ப்யூட்டர் போர்டோடு பேசும் வழி) உருவானது, உடனே துண்டிக்கப்பட்டது. இரண்டுக்கும் நடுவில் பி.ஆர்.எல்.டி.டி.ஒய் என்று ஒரு பெயர். பார்வையற்றவர்கள் பயன்படுத்தும் பிரெய்ல் கருவிகளை இயக்கும் மென்பொருள் அது. ஒரு பிரெய்ல் கருவிக்கும் இந்தச் சிப்புக்கும் யூஎஸ்பி அடையாள எண் ஒன்றுதான். அதனால் உபுண்டு 22.04-இல் அது நம் நானோவைப் பிரெய்ல் கருவி என்று நினைத்து போர்ட்டைப் பிடுங்கிக்கொள்கிறது. அந்தக் கம்ப்யூட்டரில் யாரும் பிரெய்ல் கருவி பயன்படுத்தவில்லை என்றால் அந்த மென்பொருளை நீக்கிவிடலாம். பயன்படுத்துகிறவர் இருந்தால் தயவுசெய்து நீக்காதீர்கள். அது அவருடைய கண். சொருகும் கருவிகளை லினக்ஸ் எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லும் யூடெவ் விதிகளில் அந்த எண்ணுக்கான வரியை மட்டும் முடக்கினால் போதும்.

அடுத்தது "பெர்மிஷன் டினைட்", அதாவது போர்ட்டைத் தொட அனுமதி இல்லை என்ற செய்தி. இதைப் பார்த்ததும் பலர் புரோகிராம் எழுதி ஏற்றும் ஐடிஇ-யையே சூடோ போட்டு, அதாவது ரூட் என்ற முழு அதிகாரக் கணக்கில், திறக்கிறார்கள். அன்றைக்கு வேலை முடிந்துவிடும். ஆனால் உங்கள் ஹோம் ஃபோல்டரில் ரூட் பெயரில் ஃபைல்கள் உருவாகி, அப்புறம் சாதாரணமாகத் திறக்கும்போது ஒன்றையும் சேமிக்க முடியாமல் நிற்பீர்கள். உபுண்டு, டெபியனில் உங்கள் பயனர் கணக்கை, இந்த போர்ட்டைத் தொட அனுமதி உள்ள டயலவுட் குழுவில் சேர்ப்பதுதான் சரியான வழி. ஆர்ச் என்றால் அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி. சேர்த்த பிறகு லாக்அவுட் செய்து மறுபடி உள்ளே வர வேண்டும். இதை மறந்துவிட்டு மணிக்கணக்கில் தேடியவர்கள் நிறையப் பேர்.

லியோனார்டோ வகை போர்டு வைத்திருந்தால் மோடம்களைப் பார்த்துக்கொள்ளும் மோடம் மேனேஜர் என்ற மென்பொருளையும் கவனியுங்கள். புதிதாக வந்த போர்ட்டை மோடம் என்று எண்ணிச் சில விநாடிகள் பேச்சுக் கொடுக்கும். அந்த போர்டில் புதிய புரோகிராமை வாங்கி ஏற்றும் பூட்லோடர் காத்திருப்பதே சுமார் 8 விநாடிதான், அந்த நேரம் இதில் வீணாகிவிடும்.

போர்ட் சரி, அனுமதி சரி, ஆனாலும் "நாட் இன் சிங்க்" என்றே வருகிறதா? நானோவின் பழைய பூட்லோடர் 57600 வேகத்தில் பேசும், புதியது 115200-இல். ஐடிஇ-யின் புராசஸர் மெனுவில் 'ஓல்ட் பூட்லோடர்' என்பதைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். ரோபோவில் எச்.சி.-05 புளூடூத் பலகையை 0, 1 பின்களில் மாட்டியிருந்தாலும் இதே செய்தி வரும். அதே பின்கள் வழியாகத்தான் புரோகிராமும் ஏறுகிறது, ஏற்றும் நேரத்தில் அந்த இரண்டு ஒயரையும் கழற்றிவிடுங்கள்.

ராஸ்பெர்ரி பை-யில் வேலை செய்கிறவர்கள் ஐடிஇ 2 வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்காதீர்கள், பை-யில் இருக்கும் ஆர்ம் வகை புராசஸருக்கான லினக்ஸுக்கு அதிகாரப்பூர்வமாக அது வருவதில்லை. டெர்மினலில் கட்டளையாக இயங்கும் ஆர்டுயினோ சிஎல்ஐ இருக்கிறது. டெர்மினல் பழகிவிட்டால் அதுவே வசதி.

கடைசியாக மோட்டார். சக்கர மோட்டாரையும் செர்வோவையும் போர்டின் 5 வோல்ட் பின்னிலிருந்தே ஓட்டுகிறோம். யூஎஸ்பி 2.0 தருவது 500 மில்லி ஆம்பியர். மோட்டார் கிளம்பும் கணத்தில் மின்னழுத்தம் விழுந்து போர்டு ரீசெட் ஆகும், டிமெஸ்ஜியில் போர்ட் துண்டிக்கப்பட்டதாகக்கூட வரி ஓடலாம். அதைப் பார்த்து டிரைவரைத் திட்டாதீர்கள். மோட்டாருக்குத் தனி பேட்டரி கொடுங்கள், அதன் கிரவுண்டையும் போர்டின் கிரவுண்டையும் ஒரே ஒயரில் சேருங்கள்.